அவலரக்கு பாலிஷில் வரும் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பதால், அவலரக்கு பாலிஷைத் தாங்களே போட்டுப் பார்த்து நடுவில் திகைத்து நிற்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சேலத்திலிருந்து கேட்பவர்களுக்கு வெயிலால் வரும் தொல்லை. ஏற்காட்டிலிருந்து கேட்பவர்களுக்குப் பனியாலும் ஈரத்தாலும் வரும் தொல்லை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பிறகுமாகத் தொகுத்திருக்கிறேன்.

“அவலரக்கு, ஷெல்லாக், ஸ்பிரிட் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?”

மூலப்பொருள் ஒன்றுதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைக்கும் செதில்களே அவலரக்கு. அதையே ஷெல்லாக் என்றும் சொல்கிறோம். நம் நாட்டில் ஜார்கண்டும் சத்தீஸ்கரும் இதற்கு முதன்மையான இடங்கள். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் 1924இலேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. செதில்களை ஸ்பிரிட்டில், அதாவது குடிக்க முடியாதபடி நச்சு கலந்த ஆல்கஹாலில், கரைத்தால் ஸ்பிரிட் பாலிஷ். அந்தக் கரைசலைத் துணியில் பொதிந்த பஞ்சுப் பொட்டலத்தால் மிக மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்து ஏற்றும் முறை பிரெஞ்சு பாலிஷ்.

ஒரு பண்பை மட்டும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பாலியூரிதேன் போன்ற பூச்சுகள் வேதிமாற்றத்தால் இறுகுகின்றன. அவலரக்கோ ஸ்பிரிட் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. ஆகவே காய்ந்த பூச்சின் மேல் ஸ்பிரிட் பட்டால் அது மறுபடியும் இளகும். மேலே போடும் புதிய பூச்சு கீழே உள்ளதோடு கரைந்து ஒன்றாகும். கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை மரத்தைச் சுரண்டாமலேயே சரிசெய்ய முடிவது இந்தப் பண்பினால்தான். கோளாறு என்னவென்று பார்ப்பதற்கு முன்பே உப்புத்தாளை எடுத்துவிட வேண்டாம்.

“ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு எத்தனை கிராம் போடணும்?”

மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்புகள் ஒரு லிட்டர் மீதைலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 140 கிராம் என்று சொல்கின்றன. பிரஷ்ஷால் பூசுவதற்கு அது நல்ல அளவு. மரத்தின் துளைகளை அடைக்கும் முதல் கைக்கு (ஒரு முறை பூசுவது ஒரு கை) அதில் பாதி, அதாவது 70 கிராம் போதும். பஞ்சுப் பொட்டலத்தால் தேய்ப்பவர்கள் 100 கிராம் அளவில் தொடங்கி, கை பழகிய பிறகு கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். “கெட்டியாப் போட்டா சீக்கிரம் பளபளப்பு வரும்” என்று 250 கிராம் வரை போடுபவர்களைப் பார்க்கிறேன். தடம், சுருக்கம், பிசுபிசுப்பு, பின்னாளில் வெடிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கெட்டிதான் தொடக்கம்.

செதிலையும் ஸ்பிரிட்டையும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் செதில்கள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் மெல்லிய மல் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். புட்டியின் மேல் கரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

“மூணு நாளாச்சு, செதில் கரையவே மாட்டேங்குது. அடியில ஜெல்லி மாதிரி நிக்குது. ஸ்பிரிட்டு சரியில்லையா?”

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, செதிலின் வயது. அவலரக்கின் மூலக்கூறுகள் நாளடைவில் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டே போகும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். சேலத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்த செதில், ஓராண்டுக்குள்ளேயே கரையும் தன்மையைப் பெருமளவு இழந்துவிடக்கூடும். வெளுக்கப்பட்ட வெள்ளை அவலரக்கு இந்த வகையில் இன்னும் வேகமாகக் கெடும். ஊறி உப்பிய கூழ் குலுக்கியும் கரையவில்லை என்றால் அந்தச் செதிலைக் கழித்துவிடுவதைத் தவிர வழியில்லை. வடிகட்டி மேலே உள்ளதை மட்டும் பூசினாலும் அது உறுதியாக நிற்காது.

செதில்கள் பையிலேயே ஒட்டிக் கட்டியானது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டிப் பொடித்து, ஒரு கரண்டி அளவைக் கரைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது காரணம் ஸ்பிரிட்டில் கலந்த நீர். மூடி சரியாக இல்லாத கேனில் இருந்த ஸ்பிரிட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எந்தக் காரணமாக இருந்தாலும் புட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, வேறு அறையில் வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில், மூடியைத் தளர்த்திய புட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் சூடு வேண்டாம்.

“கரைஞ்சிடுச்சு, ஆனா மோர் மாதிரி கலங்கலா இருக்கு. கீழ கொட்டிடலாமா?”

கொட்டிவிட வேண்டாம். இயற்கையான அவலரக்கில் ஏறக்குறைய 5 சதவீதம் மெழுகு உண்டு. அது ஸ்பிரிட்டில் கரையாமல் மிதப்பதால் கலங்கலாகத் தெரிகிறது. அவலரக்கு மட்டுமே பூசப்போகிறீர்கள் என்றால் குலுக்கி அப்படியே பயன்படுத்தலாம். மெழுகு பொட்டலம் வழுக்கிப் போகக்கூடச் சற்று உதவும். மேலே வேறு வகைப் பூச்சு வரப்போகிறது என்றால்தான் மெழுகைப் பிரிக்க வேண்டும். சில நாட்கள் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் மெல்ல வடித்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டு நாளாச்சு, இன்னும் விரல் வெச்சா ஒட்டுது. வெயில்ல வெச்சுக் காய வெக்கலாமா?”

சரியான கரைசல் அரை மணி நேரத்துக்குள் தொடுவதற்குக் காய்ந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடுத்த கை போடலாம். இரண்டு நாட்களாகியும் ஒட்டினால், பெரும்பாலும் கரைசல் பழையது. கரைத்து வைத்த அவலரக்கு, தான் கரைந்திருக்கும் ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து எஸ்டர் என்ற வேறு சேர்மமாக மாறிக்கொண்டிருக்கும். அப்படி மாறியது எத்தனை நாளானாலும் இறுகாது. பொதுவாக ஆறு மாதம் என்று கெடு சொல்வார்கள். சேலத்துக் கோடையில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்ததை நான் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை. வெயிலில் வைப்பதால் அது காயாது; மேலும் இளகித் தூசியைத்தான் பிடிக்கும்.

சோதனை எளிது. ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பரப்பி, மறுநாள் காலையில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தின் தடம் பிறை வடிவில் பதிந்தால் கரைசல் போய்விட்டது. நல்ல கரைசலில் தடம் பதியாது. ஓரத்தில் கீறினால் பொடியாக உதிரும். கெட்ட கரைசலை ஏற்கெனவே பூசிவிட்டிருந்தால், அதன்மேல் புதியதைப் பூசி மூட நினைக்க வேண்டாம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து முழுவதையும் எடுத்துவிட்டுத் தொடங்குவதே குறைந்த வேலை.

கரைசல் புதிதாக இருந்தும் ஒட்டுகிறதென்றால், ஒரே கையில் கெட்டியாகப் பூசியதால் மேலே ஆடை கட்டி உள்ளே ஸ்பிரிட் சிக்கியிருக்கலாம். நிழலில் ஒரு வாரம் விட்டால் தானாகவே சரியாகும். கடையில் வாங்கிய தயார் பாலிஷில் மலிவான குங்கிலியமோ ரோசினோ சேர்ந்திருந்தாலும் விரல் சூட்டுக்கு ஒட்டும். அதனால்தான் செதில் வாங்கி நீங்களே கரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

“ஏற்காட்டுல எங்க வீட்டு மேசைக்குப் பாலிஷ் போட்டோம். பூசறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, பத்து நிமிஷத்துல வெள்ளையாப் பூத்துடுச்சு. ஏன்?”

ஏற்காட்டிலிருந்து வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரப்பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். அந்த ஈரம் குளிர்ந்த பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளாகப் படிந்து, இன்னும் இளக்கமாக இருக்கும் அவலரக்கை வெளுக்கச் செய்கிறது. ஸ்பிரிட்டிலேயே நீர் கலந்திருந்தால் வெயில் நாளிலும் இது நடக்கும். சேலத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இதே கதைதான்.

சரிசெய்வது கடினமல்ல. முதலில் ஒன்றும் செய்யாமல், காற்று உலர்ந்த ஒரு நாள் வரும்வரை விட்டுவிடுங்கள்; லேசான வெண்மை பல நேரங்களில் தானே மறைந்துவிடும். மறையாவிட்டால், சுத்தமான புது ஸ்பிரிட்டில் பஞ்சுப் பொட்டலத்தை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, வெள்ளையான இடத்தின் மேல் நிற்காமல் நீளவாக்கில் இழுங்கள். பொட்டலம் போன வழியில் ஈரமான ஒரு மினுக்கம் தெரிந்து உடனே மறைய வேண்டும். அதுவே சரியான அளவு. பூச்சு ஒரு நொடி இளகும்போது உள்ளே சிக்கிய நீர் வெளியேறிவிடும். அழுத்தித் தேய்த்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ பூச்சே கிழிந்து வரும்.

வராமல் தடுப்பதற்கு, மலைமேல் வேலை செய்பவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வெயில் நன்றாக ஏறிய பிறகு தொடங்கி, பனி இறங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். முந்தைய நாளே சாமானை அறைக்குள் கொண்டுவந்து, மரம் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பூசுங்கள். இரவெல்லாம் வராந்தாவில் குளிர்ந்து கிடந்த பலகையில் காலையில் பூசினால் வெளுப்பது உறுதி. அறையைச் சூடாக்குவதற்குக் கரி அடுப்போ கம்பி ஹீட்டரோ வைத்துவிடாதீர்கள். ஸ்பிரிட் ஆவி அதில் பற்றிக்கொள்ளும்.

“வெயில் நாள்லதான் போட்டோம், அப்பவும் வெளுக்குது. மரம் எங்க தோட்டத்து சில்வர் ஓக்.”

அப்படியானால் ஈரம் காற்றில் இல்லை, மரத்துக்குள் இருக்கிறது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வைத்த சில்வர் ஓக்கை அறுத்து, சரியாக உலர்த்தாமல் உடனே மேசையும் கதவும் செய்துவிடுகிறார்கள். அந்த மரத்தின் ஈரம் வெளியே வர முயலும்போது பூச்சு கீழிருந்து வெளுக்கிறது. இதற்கு முந்தைய பதிலில் சொன்ன ஸ்பிரிட் துடைப்பு சில நாட்களுக்கே தாங்கும். ஓர் அங்குலப் பலகைக்கு, மழைபடாத காற்றோட்டமான இடத்தில் இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, ஓராண்டு உலர்த்துவது நல்லது. உலர்ந்த பிறகு சில்வர் ஓக்குக்கு அவலரக்கு மிக அழகாக அமையும்; அறுத்த விதத்தைப் பொறுத்து அதில் தெரியும் பளிச்சென்ற செதில் போன்ற ரேகைகளை இந்தப் பூச்சு எடுத்துக் காட்டுவதைப் போல வேறு எதுவும் காட்டுவதில்லை என்பது என் கருத்து.

“பிரஷ்ஷு தடம் தடமா விழுது. திரும்ப ஒரு தடவ இழுத்தா இன்னும் மோசமாகுது.”

திரும்ப இழுத்ததுதான் கோளாறு. எனாமல் பெயிண்டுக்குப் பழகிய கை, விழுந்த தடத்தைச் சமன்படுத்தத் திரும்பப் போகும். அவலரக்கு அதற்குள் பாதி காய்ந்திருக்கும். பிரஷ் அதை இழுத்துச் சுருட்டிவிடும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 38, 39 டிகிரியைத் தொடும் நாட்களில், மின்விசிறிக்கு அடியில் நின்று பூசினால் அரை நிமிடம்கூடக் கிடைக்காது. விசிறியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில், 100 கிராமுக்கு மேல் போகாத கரைசலோடு வேலை செய்யுங்கள். மென்மையான முடி கொண்ட பிரஷ்ஷை எடுத்து, விளிம்பிலிருந்து சற்று உள்ளே வைத்து வெளிப்பக்கம் ஓர் இழுப்பு, பிறகு எதிர்ப்பக்கம் முழு நீளத்துக்கு ஓர் இழுப்பு, அவ்வளவுதான். நடுவில் விட்டுப்போன இடம் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். அடுத்த பூச்சு அதை மூடிவிடும்.

விழுந்துவிட்ட தடங்களை, பூச்சு ஒரு நாள் காய்ந்த பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். தாளில் பொடி உலர்ந்து வெள்ளையாக உதிர வேண்டும். தாளை அடைத்துக்கொண்டு உருண்டால் பூச்சு இன்னும் காயவில்லை என்று பொருள்.

“பஞ்சால தேய்க்கறப்ப பொட்டலம் ஒட்டிக்கிட்டு, துணியோட இழை எல்லாம் மேசையில ஒட்டுது.”

பொட்டலத்தில் கரைசல் அதிகமாக இருக்கலாம், அல்லது எண்ணெய் போதாமல் இருக்கலாம். உள்ளே பஞ்சும், வெளியே பலமுறை துவைத்து இழை உதிர்ந்துபோன பழைய வேட்டித் துணியும் வைத்து, அடிப்பக்கம் ஒரு மடிப்பும் இல்லாமல் இறுக்கிப் பிடியுங்கள். கரைசலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பஞ்சில் ஊற்ற வேண்டும். வெளித்துணியில் தோய்க்கக் கூடாது. ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்த்தால் ஈரத்தடம் தெரிந்து ஓரிரு நொடிகளில் மறைய வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கையிலிருந்து பொட்டலம் பிடிக்கத் தொடங்கும். அப்போது விரல் நுனியால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெயைத் துணியின் அடியில் தடவினால் வழுக்கிச் செல்லும்.

பொட்டலம் மேசையைத் தொடும்போதும் விடும்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகர்த்திக்கொண்டே இறக்கி, வட்டமாகவும் எட்டு வடிவிலும் ஓட்டி, ஓரத்தின் வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். மேலே வைத்து யோசித்தால் துணியின் நெசவு அப்படியே பூச்சில் பதிந்துவிடும்.

“முடிச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஒரு வாரத்துல மங்கலாகி, தொட்டா எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு.”

முந்தைய பதிலில் சொன்ன அந்த ஒரு சொட்டு, ஒரு கரண்டி ஆகிவிட்டது. பூச்சுகளுக்கு நடுவே சிக்கிய எண்ணெய் மெல்ல மேலே வந்து வியர்க்கிறது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு புதிய பொட்டலத்தில் ஸ்பிரிட்டை மட்டும் சில துளிகள் விட்டு, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவுக்குப் பிழிந்து, நீளவாக்கில் லேசாக ஓட்டுங்கள். எண்ணெய் மேலே வந்து துணியில் ஏறிவிடும். துணியின் முகத்தை மாற்றி மாற்றி, சில நாட்கள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்தால் பளபளப்பு நிலைக்கும். எண்ணெய் பட்ட அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகோ, தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

“மேசையில காப்பி டபரா வெச்ச இடம் வெள்ளை வளையமா நிக்குது. பக்கத்துலயே ஒரு கறுப்பு வளையமும் இருக்கு.”

வெள்ளை வளையம் பூச்சில் மட்டும் ஏற்பட்டது. சூடும் ஈரமும் சேர்ந்து அவலரக்கை வெளுக்க வைத்திருக்கின்றன. ஏற்காட்டு மேசைக்குச் சொன்ன ஸ்பிரிட் துடைப்பே இதற்கும் மருந்து. கறுப்பு வளையம் வேறு. நீர் பூச்சைக் கடந்து மரத்துக்குள் போய், இரும்போடும் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினோடும் சேர்ந்து கறை ஆகியிருக்கிறது. அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசிக் கறையை வெளுக்க வைத்து, நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி பாலிஷ் போட வேண்டும். அந்த அமிலம் நச்சு, கையுறையும் மூக்குக்கவசமும் தேவை, உலர்ந்த படிவைத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

இதே இரும்பு வேறு வழிகளிலும் வந்து சேரும். அவலரக்கு அமிலத்தன்மை கொண்டது. தகர டப்பாவில் ஊற்றி வைத்தால் கரைசல் நாளடைவில் கறுத்துவிடும். ஸ்டீல் உல்லால் தேய்த்த துகள் மரத்துளையில் தங்கிவிட்டாலும் பிறகு கரும்புள்ளியாகத் தெரியும்.

“ஈட்டி மர அலமாரியில வெள்ளை மரம் பதிச்ச பூ வேலை இருக்கு. பாலிஷ் போட்டதும் வெள்ளைப் பூவெல்லாம் ஊதாவா ஆயிடுச்சு!”

ஈட்டியின் நிறப்பொருள் ஸ்பிரிட்டில் கரையும். நனைந்த பொட்டலம் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டு போய் வெளிர் மரத்தின் மேல் பூசிவிட்டது. பழைய தோட்ட வீடுகளின் சாமான்களில் இது அடிக்கடி நடக்கிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கும். நிறம் புதிதாக ஏறியிருந்தால், நுனித்துணியில் ஸ்பிரிட் தொட்டு, வெளிர் பகுதியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியை மாற்றி, பெருமளவு எடுத்துவிடலாம். மிஞ்சியதைக் கூர்மையான தகட்டால் மிக லேசாகச் சுரண்டலாம். பதித்த மரம் பல நேரங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

இனிச் செய்யும்போது, மெல்லிய ஓவியத் தூரிகையால் வெளிர் பகுதிகளுக்கு மட்டும் முதல் கரைசலை இரண்டு முறை தொட்டுவைத்துக் காயவிடுங்கள். அடுத்து ஈட்டிப் பகுதிக்கும் தனியாக மெல்லியதாக ஒரு கை. இரண்டும் அடைபட்ட பிறகே பொட்டலத்தை எடுக்க வேண்டும்.

“தம்மம்பட்டி மரச்சிற்பம் ஒண்ணு வாங்கினேன். பாலிஷ் போட்டா பள்ளத்துல எல்லாம் கட்டி கட்டியா நிக்குது.”

செதுக்கு வேலைக்குப் பிரஷ்தான் சரி. ஆனால் அது ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும். 70 கிராம் கரைசலில் நுனியை மட்டும் தொட்டு, புட்டியின் வாயில் வழித்துவிட்டு, முதலில் பள்ளங்களையும் பிறகு மேடுகளையும் பூசுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், ஒன்றும் தொடாத இன்னொரு பிரஷ்ஷால் பள்ளத்தில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே தேங்கிக் கெட்டியானதை ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் இளக்கி, பழந்துணியில் துடைத்துத் துடைத்து எடுக்கலாம். சிலையின் முகத்தில் அதிகப் பளபளப்பு வேண்டாம்; உளி போன தடத்தின் அழகு அதில் காணாமல் போகிறது.

“தாத்தா காலத்து பீரோ. மேல இருக்கறது அவலரக்கா, வேற எதாவதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மேல பூரா பொடிப் பொடியா வெடிச்சிருக்கு.”

வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசுத்தால் அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல், என்.சி. தின்னருக்கு மட்டும் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பாலியூரிதேன் இவற்றில் ஒன்று.

அவலரக்கு என்று உறுதியானால், வெடிப்புகளுக்காக அதை உரித்துவிட வேண்டாம். சோப்புக் கலந்த நீரைப் பிழிந்த துணியால் அழுக்கை விரைவாகத் துடைத்து உலரவிட்டு, தாராளமாக ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் ஒரு சாண் அகலப் பகுதியாக நனைத்துக்கொண்டு போனால், பழைய பூச்சு கரைந்து வெடிப்புகளுக்குள் ஓடித் தானே ஒன்று சேரும். ஒரு நாள் விட்டு, மெல்லிய புதிய கை இரண்டு போட்டால் போதும். பழைய பூச்சின் தேன் நிறம் அப்படியே மிஞ்சும். புதிதாக எந்தச் சாயம் கலந்தாலும் அந்த நிறம் வராது.

“மேல மெலமைனோ பி.யூ.வோ அடிச்சா உறுதியா இருக்குமே, அடிக்கலாமா?”

மெழுகு நீக்கிய அவலரக்கின் மேல் பாலியூரிதேன் நன்றாகப் பிடிக்கும். மெழுகுள்ளதன் மேல் அடித்தால் சில மாதங்களில் தோலாக உரிந்து வரக்கூடும். மெழுகைப் பிரிப்பது பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். மெலமைன் விஷயத்தில் தயாரிப்பாளர் சொல்லும் சீலரையே, அதாவது அடிப்பூச்சையே, போடுவது நல்லது. பழுது பார்க்கும் வேலையில் மெழுகு நீக்கிய அவலரக்குக்கு இன்னொரு பயனும் உண்டு: சிலிக்கோன் கலந்த பாலிஷ் ஊறிப்போன பழைய மரத்தில் எந்தப் பூச்சு அடித்தாலும் குழி குழியாக விலகும்போது, இடையில் ஒரு கை அவலரக்கு போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதற்காக உறுதி வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறை மேடை, தினமும் தண்ணீர் சிந்தும் சாப்பாட்டு மேசை, சோப்பு நீரால் துடைக்கும் இடம், சானிடைசர் வைக்கும் இடம் ஆகியவற்றுக்கு அவலரக்கு ஏற்றதல்ல. சோப்பிலுள்ள காரமும் சானிடைசரிலுள்ள ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். பீரோ, ஊஞ்சல் பலகை, படச்சட்டம், வீணை, சிற்பம் போன்றவற்றுக்கு வேறு பூச்சைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

“குழந்தையோட நடைவண்டிக்குப் போடலாமா? வாயில வெக்கும்.”

போடலாம். அவலரக்கு உணவுப் பொருள்களின் மேல் பூசுவதற்கே இ904 என்ற உணவுச் சேர்க்கை எண்ணில் பயன்படுத்தப்படுவது. மிட்டாய்களின் மினுமினுப்பிலும் மாத்திரைகளின் மேலுறையிலும் அது இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஸ்பிரிட்டை. அது முழுவதும் ஆவியாகிப் போவதற்குப் பூசிய பிறகு ஒரு வாரமாவது காற்றோட்டமாக விட்டுவிட்டுக் கொடுங்கள். தயார் பாலிஷும், சாயம் கலந்த பாலிஷும் குழந்தைப் பொருள்களுக்கு வேண்டாம்.

“ஸ்பிரிட்டு கேட்டா கடைக்காரர் ஆயிரம் கேள்வி கேக்கறாரு. தண்ணி பாட்டில்ல ஊத்தித் தர்றாங்க, அதை வாங்கலாமா?”

கேள்வி கேட்பவர் நல்ல கடைக்காரர். தமிழ்நாட்டில் மீதைலேட்டட் ஸ்பிரிட், மெத்தனால், பிரெஞ்சு பாலிஷ் வகை வார்னிஷ் ஆகியவற்றுக்கென்றே 1959ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இவற்றைக் குடித்து மனிதர்கள் செத்ததால் வந்த கட்டுப்பாடு அது. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை நாம் மறக்க முடியாது. உரிமம் உள்ள கடையில், ரசீதோடு, அடையாளச் சீட்டு ஒட்டிய கேனில் மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஸ்பிரிட் வீட்டில் இருக்கவே கூடாது. இந்த ஸ்பிரிட்டில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். ஸ்பிரிட்டின் ஆவி 17 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. பூசை விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

“எல்லாம் சரியா வந்துச்சு. நடுவுல உள்ளங்கை அளவுக்கு மட்டும் மங்கிப்போச்சு. அந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியுமா, இல்ல பலகை முழுக்கப் போடணுமா?”

அந்த இடத்தை மட்டும் செய்யலாம். ஆனால் அதன் எல்லை தெரியாமல் செய்வதில்தான் கைத்திறமை இருக்கிறது. முதலில் மங்கலின் காரணத்தைப் பாருங்கள்: வெண்மையாக இருந்தால் ஈரம், பிசுக்காக இருந்தால் எண்ணெய், விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே பூச்சு தேய்ந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் மேலே வழி சொல்லியாகிவிட்டது. தேய்ந்த இடம் என்றால், 60, 70 கிராம் அளவுக்கு நீர்க்கச் செய்த கரைசலோடு பொட்டலத்தை அந்த இடத்தில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் வட்டத்தைச் சற்றே பெரிதாக்கி, விளிம்பில் அழுத்தமே இல்லாமல் முடியுங்கள். ஒரே நாளில் பள்ளத்தை நிரப்ப முயன்றால் கீழே உள்ள பூச்சும் இளகிச் சுருண்டுவிடும். நாளுக்கு இரண்டு மூன்று கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் வெளிறியிருந்தால் தெளிந்த அவலரக்குக்குப் பதிலாக, கருஞ்சிவப்பு நிறச் செதிலைக் கரைத்து அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கை கொடுத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்து நிறத்தை ஒப்பிடுங்கள். மின்விளக்கில் ஒத்துப்போகும் நிறம் பகலில் காட்டிக்கொடுத்துவிடும். நிறமும் மட்டமும் சேர்ந்த பிறகு, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஸ்பிரிட் மிகுதியாகவும் அரக்கு குறைவாகவும் உள்ள பொட்டலத்தால் ஒரே சீராக இரண்டு முறை இழுத்துவிட்டு, அன்று இரவு அதன்மேல் எதையும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.